வராத இடத்தைச் சொல்லுங்க

2023 மார்ச் 18, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பிளேன்டீ குடித்தேன். முகம் கழுவ அரை வாளித் தண்ணீர். அதற்கு மேல் தொடக்கூடாது என்று மாசி பிறந்ததிலிருந்து வீட்டில் உத்தரவு. ஆறு மணிக்கு ஒபீஸுக்குப் பின்னால் போய் மழைமானியைத் திறந்தேன். காய்ந்து கிடந்தது. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்து மூடிவிட்டு, சுவரில் தொங்கும் அட்டையில் பூச்சியம் எழுதினேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கர். கொழுந்து நிறை, சம்பளம், கடிதம் எல்லாம் பிறகுதான். நாளின் முதல் வேலை மழைமானி.

அன்று எனக்கு முன்பே பக்கத்து வீட்டு மிஸ் அங்கே நின்றிருந்தார். தோளில் கம்பளிச் சால்வை, கையில் எப்போதும்போலக் குடை.

“பூச்சியமா, கிளாக்கரய்யா?”

“பூச்சியந்தான் மிஸ். இந்த வெயில்ல குடை எதுக்கு?”

“மழைக்கு இருபதுல ஒண்ணு வாய்ப்பு இருக்கு. குடையும் அப்படி ஒண்ணும் கனமில்ல.”

அட்டையை எட்டிப் பார்த்தார். ஒரு மாதமாக வரிசையாகப் பூச்சியங்கள்.

“வேற யாருமா இருந்தா இதுக்கு ஒரு நீளக் கோடு போட்டு விட்டிருப்பாங்க. நீங்க ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்துட்டுத்தானே எழுதுறீங்க? அதான் உங்கள எனக்குப் புடிக்கும்.”

அந்த வேலைக்காக என்னை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. தோட்டத்துத் துரை கூடப் பெய்த மழையைத்தான் கேட்பார்.

எட்டு மணிக்குக் குழாய்க்கிணறு தோண்டும் லொறி கீழ்ப்பிரிவுக்கு வரவிருந்தது. கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் நாலு லயங்களுக்கும் சேர்த்து ஒரே பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியே விழும் இடம். அதில் இப்போது நூல்போல வடிந்துகொண்டிருந்தது. பெண்கள் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு மேலே ஏறினார்கள். அன்றைக்குத் தண்ணீர் கிடைத்தால் அந்த ஏற்றம் முடியும். அதனால்தான் அவருக்கும் அதிகாலையில் தூக்கம் வரவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஒருமுறை எங்கள் மாதா கோயில் நன்றி அட்டையில் பெயர் போட்டதற்கே பாதரிடம் கோபித்துக்கொண்டவர். இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்து இருந்தது இரண்டே வருடம்.

கீழ்ப்பிரிவில் பிறந்தவர். அம்மா கொழுந்துக்காரி. கன்னியாஸ்திரிகள் படிக்க வைத்தார்கள். கொழும்பில் புள்ளிவிவரவியல் படித்து, வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். 2022 தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, எங்கள் தோட்டத்து மருந்துக்காரரான தம்பியின் குவாட்டர்ஸுக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். அது என் குவாட்டர்ஸுக்கு அடுத்த வீடு.

அவருடைய வேலையை எனக்குப் புரியவைக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. பூமிக்கடியில் யாரும் இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு இருக்கும் என்று கணித்துச் சொல்வது. கண்டுபிடித்ததை அளக்க வேறு ஆட்கள். இன்ன இடத்தில் துளை போடு என்று சொல்லவும் வேறு ஆட்கள். ஒரு கடற்பரப்பு முழுவதிலும் இதுவரை போட்ட துளைகள், எதில் வந்தது, எதில் வரவில்லை, வந்தது எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து, மிச்சம் என்ன இருக்கக்கூடும் என்று சொல்வது மட்டும் இவர் வேலை.

தோட்டத்தில் அது “மிஸ் எண்ணெய் கண்டுபிடிக்கிறவங்க” என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

“நான் ஒரு சொட்டுக்கூட கண்டுபிடிச்சதில்லங்க. கண்டுபிடிக்காதத எண்ணுறதுதான் என் வேலை.”

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளிக்கு இது பெரிய வேடிக்கை. “கண்டுபிடிக்காததுக்குச் சம்பளமா மிஸ்? அப்ப நம்ம மருமகனையும் அங்க சேத்துவிடுங்க. அவன் பொறந்ததுல இருந்து ஒண்ணும் கண்டுபிடிச்சதில்ல.”

மிஸ் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். அது லயத்துப் பழக்கம், வளைகுடா அதை மாற்றவில்லை.

அந்த வருடம் நாடு முழுக்க எரிவாயு இல்லை. முதலாளியின் கடைமுன் காலி சிலிண்டர்கள் சங்கிலியால் கோத்து வரிசையாக நிற்கும். சிலிண்டருக்குப் பக்கத்தில் நாங்கள். கண்டுபிடிக்காத எரிவாயுவை எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு காலி சிலிண்டரோடு வரிசையில் நின்றதை நான் மறக்கமாட்டேன். அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

வரிசையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. மன்னார்க் கடலுக்கடியில் எண்ணெயும் வாயுவும் கிடக்கிறது, எடுத்தால் நாட்டுக் கடன் தீர்ந்துவிடும்.

“இருக்கா இல்லையா மிஸ்? ஒரே வார்த்தையில சொல்லுங்க,” என்றார் முதலாளி.

“ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாப் போயிரும் முதலாளி. அங்க துளை போட்டது ரொம்பக் கொஞ்சம். குறைஞ்சா இவ்வளவு, நடுவுல இவ்வளவு, கூடினா இவ்வளவுன்னு மூணாத்தான் சொல்ல முடியும். மூணுக்கும் நடுவுல பெரிய பள்ளம். இப்போதைக்கு நமக்குத் தெரியாதது அவ்வளவு.”

“அப்ப இந்த லொறி? இன்னைக்கு கேஸ் லொறி வருமா?”

“பத்துல மூணு.”

லொறி வந்தது. வரிசை முழுவதும் அவரைக் கேலி செய்தது. “பாத்தீங்களா மிஸ், தப்பாப் போச்சு!”

“எப்படித் தப்பு? பத்துல மூணுதானே சொன்னேன், வராதுன்னு சொல்லலயே. நான் பத்துல மூணுன்னு சொல்ற நாளெல்லாம் சேத்துப் பாருங்க. அதுல பத்துக்கு மூணு நாள் லொறி வந்திருக்கணும். ஒரு நாளும் வரலன்னாலும் நான் தப்பு, எல்லா நாளும் வந்தாலும் நான் தப்பு.”

யாரும் கேட்கவில்லை, சிலிண்டரை உருட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அவர் அதை உண்மையாகவே சேர்த்துப் பார்த்தார். தாம் சொன்னதும் நடந்ததும் அவரிடம் எப்போதும் கணக்கில் இருக்கும். மாதக் கடைசியில் ஒருநாள் மதிலருகே நின்று, “கேஸ் விஷயத்துல நான் கொஞ்சம் அவநம்பிக்கையா இருந்திருக்கேன் கிளாக்கரய்யா. திருத்திக்கணும்,” என்றார், சேலையில் கறை பட்டதைச் சொல்வதுபோல.

ஒற்றை எண்ணை அவர் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியாது. தம்பி மனைவி கர்ப்பமாக இருந்தபோது, பையனா பெண்ணா என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். “பாதிக்குப் பாதி. பையன் பக்கம் ஒரு நூல் கூட,” என்றார் இவர். அவள் முகம் வாடிப்போய் என் மனைவியிடம் வந்து, “நாத்தனாருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வராதா அக்கா?” என்று மூக்கைச் சிந்தினாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. எல்லாரும் அவரிடம் கேட்டது ஒரு வார்த்தை ஆறுதல். அவரிடம் இருந்ததெல்லாம் பின்னம்.

நான் அவரை நம்பத் தொடங்கியது உருளைக்கிழங்கினால்.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பாத்தி கிழங்கு போட்டிருந்தேன். அறுவடை முடிந்த பிறகும் மண்ணில் கிழங்கு தங்கும். மறுபடி கிண்டிப் பொறுக்குவோம். நான் மண் கிண்டும் முள்ளுக்கரண்டியால் முழுப்பாத்தியையும் ஒருமுறை கிண்டினேன். மறுபடி ஒருமுறை. மூன்றாம் முறை கிண்டும்போது அவர் மதிலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கிடைத்ததையும் தனித்தனிக் கூடையில் வைக்கச் சொன்னார். முதல் கூடையில் முட்டை அளவு, இரண்டாவதில் பாக்கு அளவு, மூன்றாவதில் கோலிக்குண்டு அளவு. நிறுக்கச் சொன்னார். நிறுத்தேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “இன்னும் மண்ணுக்குள்ள ஒரு கிலோவுக்குக் குறையாது, மூணு கிலோவுக்கு மேல இருக்காது. ஒண்ணரைன்னு நெனைக்கிறேன். ஆனா அதுல பெரிய கிழங்கு ஒண்ணுகூட இருக்காது.”

“எப்படி மிஸ்?”

“பெருசு முதல்ல மாட்டிக்கும். அது ஒளிய இடமில்ல. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வேகமா சின்னதாகுதுன்னு பாத்தா, மிச்சம் என்னன்னு தெரியும். கடலுக்கடியிலயும் இதேதான். பெரிய எண்ணெய் வயலெல்லாம் முதல்ல சிக்கிருச்சு. ஆனா எல்லாரும் நாளைக்கு இன்னொரு பெருசு சிக்கும்னு கனவு காணுறாங்க.”

எனக்கு இப்படிப்பட்ட பேச்சைச் சும்மா விட முடியாது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பாத்தியைத் தோண்டி, மண் முழுவதையும் சல்லடையில் சலித்தேன். என் மனைவி வாசலில் நின்று, இந்த இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்றாள். கிடைத்தது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெரியது ஒன்றுமில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை. “ஒரு மூலையையும் விடலயே?” என்று மட்டும் கேட்டார்.

ஏன் வேலையை விட்டார் என்பதையும் அந்தக் கிழங்கை அவித்துத் தின்னும்போதுதான் சொன்னார். கம்பெனியில் ஒரு கடற்பரப்பின் வரைபடம். எண்ணெய் வந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி, வராத துளையெல்லாம் வெறும் வட்டம். வட்டங்கள்தான் அதிகம். படம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வட்டங்களை எடுத்துவிடுங்கள் என்றார் மேலதிகாரி. எடுத்துவிட்டுப் பார்த்தால் கடலெங்கும் பச்சை. இவர் மறுத்தார். பிறகு இவர் கொடுத்த மூன்று எண்களில் மேலே இருந்த ஒன்றை மட்டும் அச்சடித்தார்கள்.

“சண்டை போட்டீங்களா மிஸ்?”

“பெட்டியைக் கட்டினேன். அதால அந்த நம்பர் மாறிடல. அது இன்னும் எங்கயோ சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.” உப்புத் தொட்டுக் கிழங்கைத் தின்றார். “வராத குழிக்கும் காசு செலவழிச்சுத்தானே தோண்டுனாங்க? அதத் தூக்கிப் போட்டா அந்தக் காசும் போச்சு, அந்தப் புத்தியும் போச்சு.”

இனி தண்ணீர்.

2023 தை மாதத்தில் எங்கள் பாதர் ஒரு உதவி நிறுவனத்திடம் பேசி கீழ்ப்பிரிவுக்கு ஏற்பாடு செய்தார். குழாய்க்கிணறு ஒன்று தோண்டலாம். அல்லது மேல்மலையில் ஈரப்பாறை என்ற இடத்தில் கசியும் சிற்றூற்றைத் தொட்டியில் சேர்த்து லயங்களுக்குக் குழாய் இழுக்கலாம். குழாய்க்கிணற்றில் தண்ணீர் வந்தால் குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் போதும். ஈரப்பாறை நிச்சயம், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். எழுத நான், எண்ண மிஸ்.

கீழ்ப்பிரிவுத் தலைவர் எழுந்தார். நல்ல மனிதர், குரல் பெரியது. “நம்ம மண்ணுல தண்ணிக்கா பஞ்சம்? இதுவரைக்கும் ஆறு எடத்துல தோண்டியிருக்கோம். ஆறுலயும் வந்துச்சு. அதுல ரெண்டு இப்பதான் வத்துச்சு, மிச்சத்துல அடியில கொஞ்சம் ஊறுது. போடுங்க கிணத்த!”

கைதட்டல்.

மிஸ் குனிந்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். “ஆறு தோண்டி ஆறும் வந்துச்சுன்னா, இந்தத் தோட்டத்துல குச்சியால குத்துனாலே தண்ணி வரணும். அப்புறம் எதுக்கு ஆத்துல இருந்து குடம் தூக்குறீங்க?”

கைதட்டியவர்கள் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தண்ணி வந்த இடம் எனக்கு வேணாம். வராத இடத்தைச் சொல்லுங்க.”

தலைவர் முகம் சுருங்கியது. “அப்படி ஒண்ணும் இல்ல மிஸ்.” பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது. வெளியே வரும்போது யாரோ, “கருநாக்கு,” என்று சொன்னது என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது.

மறுநாள் மாலை அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்ப்பிரிவு மலையில் நடந்தார். தேயிலைக்கு நிழலுக்காக நடும் முள்முருங்கை மரங்களைச் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர், நின்றார்.

“இந்த மரம் ஏன் வரிசையில இல்ல?”

எனக்குச் சுரீரென்றது. நிழல்மரங்களைத் தோட்டம் கயிறு பிடித்து நேராக நடும். அந்த ஒரு மரம் இரண்டு வரிசைக்கு நடுவே கோணலாக நின்றது. இத்தனை வருடம் அந்த வழியில் போயிருக்கிறேன். வரிசை பிசகினால் எனக்குக் கண்ணில் குத்தும், ஆனாலும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு.

கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த செல்வராணியைக் கூப்பிட்டார். கடைசி லயத்துக்காரி, கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி, கீழ்ப்பிரிவுப் பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள்.

“செல்வராணி, இதை யாரு நட்டது?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒபீஸ் ஆள் முன்னால் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

“எங்க மாமனாரு, மிஸ்.”

“கிணறு தோண்டினாரா?”

கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, “ஆமா,” என்றாள். “தண்ணி வராத குழிய அப்படியே விட்டா மத்த ஊத்தும் கோவிச்சுக்கிட்டுப் போயிருமாம். விடியிறதுக்குள்ள மூடி, மேல முள்முருங்கைக் கம்ப நட்டுருவாங்க. அப்புறம் அதப் பத்தி யாரும் பேசக்கூடாது. பேர் சொன்னாலே தண்ணி வத்திரும்னு சொல்லுவாங்க.”

“இப்ப சொல்லிட்டியே?”

செல்வராணி தலையில் இருந்த கூடைத் துண்டைச் சரிசெய்தாள். “பீலிதான் ஏற்கனவே வத்திருச்சே மிஸ். இனி என்ன கோவிச்சுக்க இருக்கு?”

அந்த வாரம் முழுவதும் அவளும் இன்னும் சில பெண்களும், மாலையில் மலைக்கு விறகுக்குப் போகும் சாக்கில், கோணல் மரங்களைக் காட்டினார்கள். பதினொரு மரம். ஆறுக்கு ஆறு என்றிருந்தது பதினேழுக்கு ஆறு ஆனது. அதிலும் ஆதியில் தோண்டியவைதான் தண்ணீர் கண்டவை. பெரிய ஊற்றெல்லாம் முதலிலேயே அகப்பட்டுவிட்டது. கடைசியாகத் தோண்டிய எட்டில் ஒன்றுதான் வந்தது.

அடுத்த கூட்டத்தில் மிஸ் சொன்னார். “பழைய கணக்குப்படி எட்டுல ஒண்ணு. மெஷின் ஆழமாப் போகும், இன்ஜினியர் வந்து இடம் பாத்திருக்காரு, அதுக்காகக் கூட்டி நாலுல ஒண்ணு.”

“அப்ப தோண்ட வேணாங்கிறீங்களா?” தலைவர் சீறினார்.

“இல்லண்ணே. வந்தா பெரிய நன்மை. நாலுல ஒண்ணுக்குத் தோண்டலாம். ஆனா எங்க நிறுத்துறதுன்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்க. மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகு யாருக்கும் நிறுத்த மனசு வராது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.”

பாதர் கணக்குப் போட்டார். இருநூறு அடி வரை தோண்டினால், மிச்சத்தில் ஈரப்பாறையிலிருந்து கடைசி லயம் வரை குழாய் இழுக்கலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அடியும் குழாயைத் தின்னும். முதலில் தண்ணீர் இல்லாமல் போவது கடைசி லயத்துக்கு. இருநூறடியில் தண்ணீர் இல்லையென்றால் நிறுத்தச் சொல்வது யார் என்று கேள்வி வந்தது. தலைவர் ஒதுங்கினார். பாதர், ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

“கடைசி லயத்துல இருக்கிறவதானே கஷ்டப்படப் போறா? நானே சொல்றேன்,” என்றாள் செல்வராணி. அப்படித்தான் முடிவானது.

18ஆம் திகதி லொறி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. மெஷின் இறங்கியதும் மலை அதிர்ந்தது. வெள்ளைத் தூள் கிளம்பித் தேயிலையெல்லாம் மாவு பூசியது. அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கீழ்ப்பிரிவே நின்றது. பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள். பகல் ஏற ஏறத் தூள், தூள், தூள். மிஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து குடையை நிழலுக்குப் பிடித்திருந்தார்.

இருநூறு அடியை நெருங்கும்போது தூளின் நிறம் மாறியது. சாம்பலாக, பிறகு கட்டியாக. தலைவர் ஓடிப்போய் ஒரு பிடி அள்ளிப் பிசைந்தார்.

“ஈரம்! ஈரம்டா! கைய பாருங்க!”

ஒரே ஆரவாரம். மெஷின்காரர் சிங்களவர், அவரும் உற்சாகமாகி, “தவ அடி விஸ்ஸக் யமு!” என்றார். இன்னும் இருபது அடி போவோம். “ஆமா, போங்க, போங்க!” என்று கூட்டம் கத்தியது. இருநூறு ஆகிவிட்டிருந்தது. மெஷின்காரர் கையை நெம்புகோலில் வைத்துக்கொண்டு பாதரைப் பார்த்தார். பாதர் செல்வராணியைப் பார்த்தார். செல்வராணி மிஸ்ஸைப் பார்த்தாள்.

“சொல்லுங்க மிஸ். இருபது அடிதானே?”

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தோண்ட ஆசை. அது அப்பட்டமாகத் தெரிந்தது. அவருடைய அம்மாவும் அதே ஆற்றிலிருந்து அதே ஏற்றத்தில் குடம் தூக்கியவர்தான்.

அவர் எழுந்து நின்று கேட்டார். “செல்வராணி, அந்தப் பதினொரு குழியில எத்தனையில ஈரம் வந்துச்சு?”

கூட்டம் அடங்கியது. அந்தக் குழிகளைப் பகிரங்கமாக யாரும் சொன்னதில்லை. செல்வராணி தலைவரைப் பார்த்தாள், மற்றப் பெண்களைப் பார்த்தாள்.

“எல்லாத்துலயும், மிஸ்,” என்றாள். “எங்க மாமனாருக்கும் ஈரம் வந்துச்சு. ஈரத்தக் கண்டுதான் இன்னும் இன்னும்னு மூணு மாசம் தோண்டுனாரு. இடுப்பு ஒடைஞ்சதுதான் மிச்சம்.”

“எங்கப்பாவுக்கும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எங்களுக்கும்.”

“அது கைக்குழி. இது மெஷின்!” என்றார் தலைவர். குரல் உடைந்திருந்தது.

“நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குண்ணே,” என்றார் மிஸ். “அதையும் சேத்துத்தான் சொல்றேன். இன்னும் இருபது அடிக்கு ஆறுல ஒண்ணு. வரலாம். வராதுன்னு நான் சொல்லமாட்டேன்.”

ஒரு சொல் அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. செல்வராணி தன் காலடியில் இருந்த காலிக் குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

“நிப்பாட்டுங்க பாதர்.”

மெஷின் நின்றது. தலைவர் கையிலிருந்த ஈர மண்ணைத் தரையில் அடித்துவிட்டு, “நல்லா இருந்துச்சு, வாய் வச்சுக் கெடுத்துட்டீங்க,” என்று மிஸ்ஸின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். மிஸ் அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரப்பாறைக் குழாய் சித்திரை முடிவதற்குள் வந்தது. கடைசி லயம் வரை எட்டியது. குளிக்கவும் துவைக்கவும் இன்றைக்கும் ஆறுதான். முதல் குடம் பிடித்த அன்று தலைவர் மிஸ்ஸுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார், தாமே வரவில்லை. அடுத்த வருடம் மிஸ் வேறு வேலைக்குப் புறப்பட்டபோது அவருடைய பெட்டியைப் பஸ் வரை தூக்கிப் போனவரும் அவர்தான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை அது எதுவும் தெரியாது. மிஸ் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார். என் மனைவி வைத்த ரொட்டியைப் பிட்டார், தின்னவில்லை.

“அடியில தண்ணி இருந்திருக்குமோ மிஸ்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இருந்திருக்கலாம்.”

“அது உங்களுக்கு உறுத்தலயா?”

“உறுத்தாம? ஆறுல ஒண்ணுன்னா சின்னதா? அந்த ஒண்ணுல என் ஊரு ஜனம் முழுக்க இருக்கு.” கோப்பையை வைத்தார். “இருநூத்தி ஓராவது அடியில இருந்திருந்தாலும் நமக்குத் தெரியப் போறதில்ல. என் வேலை முழுக்க அப்படித்தான் கிளாக்கரய்யா. சரியாச் சொன்னேனான்னு பாத்துக்க முடியாமலே நிறையச் சொல்லியிருக்கேன்.” பிறகு எழுந்தார். வாசலில் திரும்பி, “விடியிறதுக்குள்ள மூடி கம்பு நட்டுருவாங்க, இல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். குடையை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். அவர் அதை மறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஞாயிறு, மார்ச் 19. ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். தேயிலை மலைக்கு இலக்கம் போடும் வெள்ளைப் பெயின்ட்டும் தூரிகையும் ஒபீஸ் ஸ்டோரில் இருந்தன. எடுத்துக்கொண்டு, குடையையும் மாட்டிக்கொண்டு, கீழ்ப்பிரிவுக்கு இறங்கினேன். குழியருகே செல்வராணி நின்றிருந்தாள். கையில் வெட்டிய முள்முருங்கைக் கம்பு. அவளுக்குப் பக்கத்தில் மிஸ்.

செல்வராணி என் கையிலிருந்த பெயின்ட்டைப் பார்த்தாள். கம்பைக் கீழே போட்டாள்.

“அந்தக் கல்லுல எழுதுங்க ஐயா. பெருசா எழுதுங்க. நாளைக்கு எவனாவது இங்க மறுபடி தோண்ட வந்தா தெரியணுமில்ல?”

மிஸ் என்னிடமிருந்து குடையை வாங்கி விரித்து, பனி பெயின்ட்டில் விழாமல் பிடித்துக்கொண்டார். நான் முழங்காலிட்டுக் கல்லைத் துடைத்து எழுதினேன்: இருநூறு அடி. ஈரம் உண்டு. தண்ணீர் வரவில்லை. அதன் கீழே திகதி போட்டேன். அதற்குப் பிறகுதான் மேலே ஏறி மழைமானியைத் திறந்தேன்.